முதல் கையெழுத்து

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மனைவிக்கு முதுகுவலி விட்டதா? குழந்தைக்கு இருமல் நின்றதா? எனக்குத் தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சாயங்காலமானால் வலது கணுக்கால் வீங்குகிறது, மற்றபடி குறையில்லை. உன் அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருஷம் முடிந்தது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போய்வந்த அன்று பேச மாட்டார். மறுநாள் நன்றாகப் பேசுவார். அடுத்த முறை போவதற்குள் பாதம் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ 'மீட்டிங்ல இருக்கேன்க்கா' என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. உங்கள் ஆபீஸில் காகிதத்துக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்று நீயே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

விஷயம் இதுதான். எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மூன்றாவது மாடியில். தோல் நோய்ப் பிரிவு தரைத்தளத்தில். அரிப்புக்கு வருகிறவனுக்கு மாடிப்படி கிடையாது, சிறுநீரகம் போனவனுக்கு ஐம்பத்துநாலு படி. இப்படி யோசித்துக் கட்டியவர் இன்று எங்கோ பென்ஷன் வாங்கிக்கொண்டு சுகமாக இருப்பார். லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அதன் கதவில் பதினாலு மாதமாக 'பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அட்டை தொங்குகிறது. அந்த அட்டையை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள், தம்பி. நாளைக்கே கழற்றப்போகிற அட்டையை யாராவது லேமினேட் செய்வார்களா?

அத்தானை இரண்டு வார்டு ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போகிறார்கள். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஊரிலுள்ள அத்தனை பேரையும் மேலே கீழே அனுப்பியவர், இப்போது செத்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டே படியில் தூக்கிப்போகப்படுகிறார். ஒருநாள் பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கதவுப் பூட்டுல கரண்ட் தொடற காண்டாக்ட் கருகிப்போச்சு. அரை நாள் வேலை" என்றார். கண்காணிப்பு மருத்துவரிடம் தானே சரிசெய்து தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வெளியாட்கள் அரசாங்கப் பொருளைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. அப்படியானால் தொட வேண்டிய அரசாங்க ஆட்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானாயிருந்தால் கேட்டிருப்பேன்.

மனு போடப்போகிறோம். நீ சுகாதார இயக்ககத்தில் மனுப் பிரிவு கண்காணிப்பாளர். எப்படி எழுதினால் அது குப்பைக்குப் போகாது என்று மட்டும் சொல். வேறு உதவி வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நலமா என்று கேட்டால் நலம் என்று எழுத வேண்டும். அது மரியாதைக்குக் கேட்பது. யாரும் பாத வீக்கத்தின் அளவைக் கேட்கவில்லை.

மனுக்களிலும் உங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறு இதுதான். எங்களுக்கு நாள்தோறும் இரண்டு மூட்டை வருகிறது. ஒருத்தர் தன் பிறப்பிலிருந்து தொடங்குகிறார். ஒருத்தர் செய்யுளில் எழுதுகிறார். போன வாரம் ஒரு மகானுபாவர் எக்ஸ்ரேயைச் சுருட்டி அனுப்பியிருந்தார், அதை எங்கள் பையன்கள் ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள். கடைசிப் பத்தியை மட்டும்தான் படிப்போம். வேண்டியதை அங்கே, ஒரே வாக்கியத்தில் எழுது.

முக்கியமான விஷயம், முதல் கையெழுத்து. முதலில் போடுகிறவர்தான் மனுதாரர். அவருக்குக் கீழே நானூறு பேர் போட்டாலும் நாலாயிரம் பேர் போட்டாலும் எங்கள் கோப்பில் அவர்கள் 'மற்றும் பலர்'. ஆகவே பாதிக்கப்பட்டவரே முதலில் போட வேண்டும். நீ போட்டால் 'சம்பந்தமில்லாதவர்' என்று திருப்பிவிடுவார்கள். அத்தானைப் போடச் சொல். மனுதாரர் ஊர் மாறினாலோ, மனுவைத் திரும்பப் பெற்றாலோ, தவறிவிட்டாலோ கோப்பு அதோடு முடிந்தது. சுகாதாரத் துறை மனு மாதிரி சுலபமானது வேறு இல்லை என்று எங்கள் தலைமை எழுத்தர் அடிக்கடி சொல்வார். "ஆறு மாசம் பொறுங்க சார், பாதி மனு தானா முடிஞ்சிடும்" என்பார். டீ நேரத்தில் எல்லோரும் சிரிப்போம். வேடிக்கைக்குச் சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

நான் உன் தம்பி என்று மனுவில் எங்கும் வரக்கூடாது. எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவரின் உடல்நலம் எப்படி? விவரமாகவே எழுது, நான் உன்னைப் போல இல்லை. இங்கே விவரம்: அத்தானுக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. தண்ணீரும் அளவுதான், டம்ளரில் கோடு போட்டுக் கொடுக்கிறேன். அதிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு 'மீதி உனக்கு' என்கிறார். என் கணுக்கால் அப்படியேதான் இருக்கிறது.

மனு இன்று பதிவுத் தபாலில் கிளம்பியது. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஒரு வாரமாகத் தைக்கக் கொடுத்தவர்களில் கையெழுத்துப் போடாதவர்களுக்குத் துணி தரவில்லை. ஒரு பெண் ரவிக்கைக்காக நாலு முறை படியேறி வந்து, கடைசியில் தன் புருஷன், மாமனார் இருவரையும் கூட்டிவந்து போட்டாள். கவுன்சிலர் தன் சொந்தப் பேனாவோடும் போட்டோக்காரனோடும் வந்து, அரைப் பக்கத்துக்குப் போட்டார். அவர் கையெழுத்தில் பாதியை ஓரத்தில் மடித்துத்தான் அனுப்பியிருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "இது பாலிடிக்ஸ் ஆயிடும்மா" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். நோயாளிகள் படியேற முடியாமல் அவரிடம் போவது மட்டும் பாலிடிக்ஸ் இல்லை போலிருக்கிறது.

அத்தான் முதலில் போட்டார். லிஃப்டுக்குள் தொங்குமே சர்வீஸ் அட்டை, அதில் முப்பது வருஷமாகப் போட்ட அதே கையெழுத்து. கீழே அழுத்தி ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் கையெழுத்துச் சட்டத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "லிஃப்டுக்கு நானூறு கயிறு கட்டிட்டு, வண்டிய ஒத்தக் காண்டாக்ட்ல நிறுத்தறாங்க. உன் தம்பி ஆபீஸ்ல மெக்கானிக்கே கிடையாதா?" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்று சிரித்தார்.

அவரோடு அதே நாட்களில் படியேறுகிறவர்கள் ஏழு பேர். அதில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், முப்பது வயதுகூட இருக்காது. அவள் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்தால் உன் தலைமை எழுத்தருக்குச் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

உன் மனைவியை முதுகுக்குத் தலையணை வைத்துப் படுக்கச் சொல்.

அக்கா

*

மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

உன் மனு சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தது. தபால் துறையின் லட்சணம் உனக்குத் தெரியாததல்ல. இப்போது வரிசையில் இருக்கிறது. வரிசை என்றால் வரிசை. அக்கா மனு, மாமன் மனு என்று ஆளுக்கு ஒன்றை இழுத்து மேலே போட்டால் அலுவலகம் சந்தையாகிவிடும். ரவிக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிய கதையை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. பொதுமக்கள் தாமாக முன்வந்து கையொப்பமிட்டனர் என்றுதான் கோப்பில் இருக்கிறது.

மனுவை ஒரு பக்கத்தில் முடித்திருக்கிறாய், நல்லது. ஆனால் அந்த லேமினேட் அட்டை வாக்கியத்தை ஏன் எழுதினாய்? அதிகாரிகளைக் குத்திக்காட்டினால் வேலை நடக்காது. நாங்களும் மனுஷர்கள்தான்.

அத்தானைப் பொறுமையாக இருக்கச் சொல். இவ்வளவு நாள் பொறுத்தவர். முடிந்தபோது சுருக்கமாக எழுது.

உன் தம்பி

*

மே 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது. என் போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. நீ கூப்பிட்டிருந்தால் கிடைத்திருக்காது. புதிதாக வாங்கும் எண்ணம் இல்லை, தபாலிலேயே எழுது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாகப் போன வருஷம் சொன்னாய். இப்போது வர வேண்டாம். எங்கள் வீட்டு மாடிப்படியை இடித்துக் கட்டுகிறார்கள், குழந்தை விழுந்து வைக்கும்.

டீச்சரை இப்போது அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் முறைவைத்துத் தூக்குகிறார்கள். செவ்வாய்தோறும் போய் அவள் பையை நான் எடுத்துவருகிறேன். மற்ற ஆறு பேரும் இன்னும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்கா

*

ஜூன் 8

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இப்போதுதான் உனக்குக் கடிதம் எழுத வந்திருக்கிறது. நலம் என்று ஒரு வரி, விஷயம் நாலு வரி. இதைத்தான் அன்றே சொன்னேன். இங்கேயும் அனைவரும் நலம். அத்தான் தேறிவருவது அறிந்து நிம்மதி. இந்த நோய் பாதி மனதில்தான் இருக்கிறது.

நல்ல செய்தி. எங்களுக்குப் புதிய இயக்குநர் வந்திருக்கிறார். ஆண்டறிக்கையில் போட, ஏற்கப்பட்ட மனு ஒன்று வேண்டும் என்கிறார். கையெழுத்துகள் எடுப்பாகவும் மனு ஒரு பக்கத்துக்குள்ளும் இருக்க வேண்டும். உன் மனு பொருத்தமாக இருந்ததால் எடுத்துக் கொடுத்தேன்.

இம்மாதக் கடைசியில் கள ஆய்வாளர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். மனுதாரரை நேரில் கண்டு அவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அது மட்டும் தவறினால் மனு அன்றோடு சரி, என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அத்தானுக்கு நல்ல சட்டையாகப் போட்டு நாற்காலியில் உட்காரவை. ரொம்பவும் முடியாதவராகவும் காட்டிவிடாதே. அப்படி எழுதிவிட்டால், இந்தப் பயனாளி எத்தனை நாளைக்கு என்று மேலே கேள்வி வரும். ஆண்டறிக்கை வெளிவரும்வரை அவர் தெம்பாக இருப்பதாகத் தெரிய வேண்டும்.

மாடிப்படி வேலையை அதற்குள் முடிக்கச் சொல். ஆய்வாளர் கனத்த உடம்புக்காரர்.

உன் தம்பி

*

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

உங்கள் ஆய்வாளர் 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தார். ஜீப்பை எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள டயர்கடை வாசலில் நிறுத்திவிட்டு, நிமிர்ந்து எங்கள் படியைப் பார்த்தார். பதினேழு படி. மேலே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படியில் ஒரு காலை வைத்து, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல எடுத்துவிட்டார். லிஃப்ட் கேட்டுப் போட்ட மனுவை விசாரிக்க வந்த மனுஷர், தம்பி.

"மனுதாரர் கீழ வருவாரா?" என்று கேட்டார். அவரால் வர முடியாது என்றேன். "மேலதானே இருக்கார்?" என்றார். இருக்கிறார் என்றேன். டயர்கடைக்காரர் ஒரு டயரை எடுத்துக்கொண்டு கடைக்குள்ளே போய்விட்டார். ஆய்வாளர் படிவத்தைக் கீழிருந்தே நீட்டினார். நான்தான் இறங்கிவந்து வாங்கிக்கொண்டு மேலே போய், கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்தேன். ஜீப் பானெட்டின் மேல் வைத்து மீதியைப் பூர்த்திசெய்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்கும் நான்தான் ஏறி இறங்கினேன்.

என் கணுக்கால் எப்படி இருக்கிறது என்று எழுதலாம். ஆனால் நீ கேட்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம், அங்கும் நலமென அறிந்து மகிழ்ச்சி.

ஆய்வாளரின் அறிக்கை எங்கள் பிரிவிலேயே பேசப்படுகிறது. அப்படியே எழுதுகிறேன், அத்தானுக்குப் படித்துக் காட்டு: 'மனுதாரரை அவரது இல்லத்தில் நேரில் கண்டு இருபது நிமிடங்கள் விசாரித்ததில், அவர் நல்ல நினைவுடனும் தெளிவான பேச்சுடனும் காணப்பட்டார். அரசின் மீது நம்பிக்கை தெரிவித்தார்.' அவரைப் பற்றிக் கொஞ்சம் கேலியாக எழுதியிருந்தாய். படியேறாமல் இருபது நிமிடம் எப்படிப் பேசியிருக்க முடியும்? உனக்கு அரசு ஊழியர் என்றாலே இளக்காரம்.

லிஃப்ட் வேலை முடிந்தது. ஆகஸ்ட் 24 காலை பத்து மணிக்குத் திறப்பு. இயக்குநரே வருகிறார். அத்தானைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முதல் ஆளாக மேலே அழைத்துப்போவது என்று ஏற்பாடு. அந்தப் படம்தான் ஆண்டறிக்கையின் அட்டை. அத்தான் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கட்டும். எனக்கும் வர ஆசைதான், ஆனால் அன்று வேறு ஊரில் பயிற்சி வகுப்பு. தலைப்பு: 'மனுதாரர்களை மனிதநேயத்துடன் அணுகுதல்.' நான்தான் பாடம் எடுக்கிறேன்.

தம்பியால் ஒன்றும் ஆகாது என்று இருவரும் நினைத்திருப்பீர்கள். இப்போது என்ன சொல்கிறார் அத்தான்? அவர் கையால் நாலு வரி எழுதச் சொல்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 26

தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். இதை மரியாதைக்கு எழுதவில்லை.

திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். பத்து மணி என்றால் பதினொன்றரைக்கு வந்தார்கள். பயனாளி எங்கே என்று கேட்டார்கள். அவர் வரவில்லை என்றேன். ஏன் என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே. சக்கர நாற்காலி காலியாக இருக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் பதற்றம். டீச்சர் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருக்கிறது, படத்துக்கு நன்றாக இருக்காது என்று ஒருத்தர் சொன்னார். கடைசியில் தோல் நோய்ப் பிரிவு வரிசையிலிருந்து வாட்டசாட்டமான ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் வலது கையால் இடது முழங்கையைச் சொறிந்துகொண்டே மூன்றாவது மாடிக்குப் போனார். இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு நின்றார். உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் சிரிக்கப்போகிறவர் அவர்தான். மேலே போய், அதே லிஃப்டில் கீழே வந்து, விட்ட இடத்தில் வரிசையில் நின்றுகொண்டார்.

எல்லோரும் போனபிறகு மெக்கானிக்கிடம் என்ன பழுது என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்லம்மா. கதவுப் பூட்டு காண்டாக்ட் கருகியிருந்துச்சு. அரை நாள்கூட ஆகல" என்றார்.

உன் அத்தான் ஏப்ரல் 11-ஆம் தேதி இறந்துவிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்கு யாரோ பெரியவர் வருகிறார் என்று வார்டு ஆட்களை வரவேற்புக்கு நாற்காலி போட அழைத்துப்போய்விட்டார்கள். நாற்காலிகளையும்தான். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நானே ஏறிக்கொள்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்று பலமாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இரண்டு மாடி ஏறிவிட்டார். நாற்பத்தோராவது படியில், "ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்" என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நிமிஷம் ஆகவில்லை என்று நினைத்து நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று இரண்டு முறை போனை எடுத்தேன். உன் பெயர் தெரிந்ததும், நீ ஜனவரியில் எழுதிய கடிதம்தான் ஞாபகம் வந்தது. மனுதாரர் தவறிவிட்டால் கோப்பு முடிந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். அத்தான் மேல் உனக்குப் பிரியம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அழுதுகொண்டே சிவப்பு மையில் 'முடிக்கலாம்' என்று எழுதியிருப்பாய். என் தம்பிக்குச் சொல்வதும் மனுப் பிரிவுக்குச் சொல்வதும் வேறுவேறு என்று எனக்கு நீ ஒருநாளும் காட்டியதில்லை. போனை வாளியில் நான்தான் போட்டேன். சொந்தக்காரர்கள் யாரும் உன்னிடம் சொல்லாதபடியும் பார்த்துக்கொண்டேன். படியை யாரும் இடிக்கவில்லை.

புதிதாக ஒரு மனு போட்டு, அது இன்னொரு ஆறு மாதம் உங்கள் மூட்டையில் கிடந்தால் டீச்சர் தாங்க மாட்டாள். அவர் போட்ட கையெழுத்து ஒன்றுதான் கையில் இருந்தது. அதனால் நீ கற்றுக்கொடுத்தபடியே எழுதினேன், நலம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கடிதம் எழுத வந்துவிட்டது என்று என்னைப் பாராட்டினாய். அந்தக் கடிதத்தை அடுப்பில் வைக்கப் போனேன். பிறகு, இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்தேன்.

உங்கள் ஆய்வாளர் வந்தது அவர் போய் எழுபத்தேழாவது நாள். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், எல்லோருக்கும் தெரியும். அவர் யாரையும் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். கீழே கோட்டையும் அழுத்திப் போட்டேன். செத்தவரோடு இருபது நிமிஷம் பேசி, அரசின் மீது நம்பிக்கை வாங்கிக்கொண்டு போன மனுஷரைப் பற்றி நான் கேலியாக எழுதிவிட்டேன் என்று உனக்கு வருத்தம்.

டீச்சர் அன்று லிஃப்டில்தான் மேலே போனாள். உள்ளே சுவரில் புது சர்வீஸ் அட்டை தொங்குகிறது. அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடையதோ இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

அக்கா

*

அக்டோபர் 4

அக்கா,

இதற்கு முன் ஐந்தாறு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது தகுதி இல்லை.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். உன் மனு மார்ச்சில் வரவில்லை. பிப்ரவரி 14-ஆம் தேதியே என் மேஜைக்கு வந்துவிட்டது. வரிசை என்று ஒன்று கிடையாது, அக்கா. எதை எங்கே வைப்பது என்று நான் வைப்பதுதான் வரிசை. தலைமை எழுத்தர் உறையைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர் மனுவா சார், மேல வெச்சிரலாமா?" என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குப் பாரபட்சம் கிடையாது என்று காட்ட அதை எடுத்து அடியில் வைத்தேன். அதற்கு முன் லேமினேட் அட்டை வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தேன். சிரித்தோம். நானும் சிரித்தேன். அரை நாள் வேலை என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தாய், அதையும் படித்தேன்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 11 வரை எத்தனை அரை நாள் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கோப்பு என் முன்னால் இருக்கிறது. உண்மையை எழுதினால் ஆய்வாளருக்கும் எனக்கும் விசாரணை வரும். படிவத்தில் போட்ட கையெழுத்துக்காக உனக்கும் வரலாம். இன்னும் ஒன்றும் எழுதவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து டீ நேரத்தில் வெளியே போய்விடுகிறேன்.

நான் ஒருமுறை வரலாமா, அக்கா?

தம்பி

*

அக்டோபர் 12

தம்பிக்கு,

உன் வீட்டில் அனைவரும் நலமா?

கோப்பில் உண்மையை எழுது. படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று என் கைப்பட எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு யாராவது வந்தால் மேலே ஏறி வரச் சொல், இந்த முறை தண்ணீர் கீழே வராது. ஓடுகிற லிஃப்டை உங்களால் இனி நிறுத்த முடியாது. முடியுமென்றால் அதையும் செய்து பாருங்கள்.

இன்னொரு உறையில் புது மனு இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து லிஃப்ட் வரை போக ஒன்பது படி ஏற வேண்டும். சாய்தளம் கிடையாது. உங்கள் இயக்குநர் வந்த அன்று சக்கர நாற்காலியை அந்த ஒன்பது படிக்கும் நாலு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. கையெழுத்து அறுநூற்று முப்பது. ரவிக்கை எதையும் பிடித்து வைக்கவில்லை. எதிர் ஆஸ்பத்திரி டாக்டர் இந்த முறையும் போடவில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. வரிசைப்படி பதில் வரும்.

புது மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. என் கணுக்காலை டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி இணைத்திருக்கிறேன், சம்பந்தமில்லாதவர் என்று திருப்ப முடியாது. கூடவே இன்னொரு சான்றிதழும் இருக்கிறது. அதில் என் இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், சிறுநீரகம் இரண்டும் என்று ஒவ்வொன்றாக விவரம் போட்டிருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த விவரத்தை நீ கேட்கவில்லை என்று தெரியும். கோப்பில் வை, உன் தலைமை எழுத்தருக்கும் டீ நேரத்தில் படித்துக் காட்டு.

ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். இது தானாக முடியாது.

நான் நலம்.

மனுதாரர்